கை தூக்காதவன்

1

இந்தக் கதை நானாக எழுத நினைத்தது அல்ல. ஜூலை விழாவில் வாசிக்க, அமெரிக்க விடுதலைப் போரில் நம்மவர்கள் பட்ட பாட்டை எழுதித் தரும்படி ஊர்ச்சபை கேட்டது. கனெக்டிகட்டின் இந்த மூலையிலிருந்து கியூபெக் வரை போய் உயிரோடு திரும்பியவன் நான் ஒருவன்தான். முதல் வரி இப்படி வந்தது:

‘பசியும் பனியும் எங்களைத் தின்றன, ஆனாலும் எங்கள் நெஞ்சுரம்—’

அடித்துவிட்டேன். பசி உண்மை. வெறுங்காலோடு பனியில் நடந்ததும், வெடிமருந்து தீர்ந்ததும், படையில் சேர்ந்த தவணை முடிந்ததென்று பாதிப்பேர் வீட்டுக்குக் கிளம்பியதும் உண்மை. ஆனால் எங்களை அதிகம் கொன்றது பெரியம்மை. அதில் ஒருவனை நான் கொன்றேன். (கொன்றேனா? இந்தச் சொல் நிற்குமா என்று பிறகு பார்க்கலாம்.)

2

ஜோதம் பைக், வண்டிச் சக்கரம் செய்கிறவன். 1776 வசந்தத்தில், ஆங்கிலேயர் கையிலிருந்த கியூபெக் நகரை முற்றுகையிட்டு அதன் மதிலுக்கு வெளியே கிடந்தபோது, நானும் அவனும் ஒரே கூடாரம்.

அம்மைச் சீழை ஊசியில் தொட்டுக் குத்திக்கொண்டால் நோய் லேசாக வந்து போகும். ஆனால் பக்கத்தில் இருப்பவனுக்கு முழு நோயும் தொற்றும். அதனால் படையில் அதற்குத் தடை. நான் தொடையில், கால்சட்டை மறைக்கும் இடத்தில், குத்திக்கொண்டேன்.*

* சீழ் யாரிடம் வாங்கினேன் என்று எழுதமாட்டேன். அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

காய்ச்சல் வந்தது.

“டேய் ஆசகேல், உடம்பு அனலாக் கொதிக்குதேடா!”

“வெறும் குளிர்காய்ச்சல்டா. நீ வேணா வேற கூடாரத்துல படு.”

(இரண்டாவது வாக்கியத்தை நான் சொல்லவில்லை. எழுதும்போது சேர்த்துக்கொண்டது. எடுத்துவிடுங்கள். தண்ணீர் கொண்டுவர எனக்கு ஆள் வேண்டியிருந்தது.)

“உன்ன மாதிரி சோம்பேறிக்குக் காய்ச்சல்கூட சொகுசாத்தான் வருது,” என்று சிரித்தபடி தன் கம்பளியை என்மேல் போர்த்தினான். நான் எழுந்து நடமாடிய வாரத்தில் அவன் விழுந்தான்.

3

மே மாதம் ஆங்கிலேயர் கப்பல்கள் வந்துவிட்டன. எல்லோரும் ஓடினோம். நோயாளிகள் கிடந்த குடிசை வாசலில் வைத்தியர் கத்தினார்:

“அம்மை வந்து போனவங்க யாராச்சும் இருக்கீங்களா? உங்களுக்கு மறுபடி ஒட்டாது. கையைத் தூக்குங்கப்பா! இவங்களைப் படகுக்குத் தூக்கிட்டுப் போகணும்!”

கை தூக்கினால், எப்போது வந்தது என்று கேட்பார். நான் என் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உள்ளேயிருந்து ஜோதமின் குரல் கேட்டது: “ஆசகேல் அங்க இருக்கானா? கிட்ட வர வேணாம்னு சொல்லுங்க. அவனுக்கு ஒட்டிக்கப் போகுது.”

நான் அந்த— என்னால் அப்போது—

ஓடினேன். அவ்வளவுதான்.

4

ஊர் திரும்பியதும் அவன் மனைவி கெசாயாவிடம், குண்டு பட்டு அந்த நொடியே போய்விட்டான் என்றேன். நேற்று வந்திருந்தாள்.

“அண்ணே, நாளைக்கு அவரைப் பத்தியும் வாசிப்பீங்கல்ல?”

“வாசிப்பேம்மா.”

“வலிக்காமப் போயிட்டாருன்னு சொன்னீங்களே, அந்த இடத்தைக் கொஞ்சம் சத்தமா வாசிங்க. பதினாறு வருஷமா அதுலதான் நான் தூங்குறேன்.”

5

முடிவு வேண்டும். மூன்று எழுதிப் பார்த்தேன். அன்று மாலையே இறந்தான். அல்லது ஓர் ஆங்கிலேயச் சிப்பாய் தண்ணீர் கொடுக்க, அதைக் குடித்துவிட்டு இறந்தான். அல்லது பிழைத்து, எங்கோ சக்கரம் செய்துகொண்டு, நான் ஏன் கிட்ட வரவில்லை என்று சரியாகவே புரிந்துகொண்டு—

மூன்றையும் அடித்துவிட்டேன். முடிவைச் சொல்லாமல் விடுவது எழுதுகிறவர்களின் சாமர்த்தியம் என்பார்கள். இதில் சாமர்த்தியம் ஏதுமில்லை. முடிவு தெரிய, அந்த வாசலில் நின்றிருக்க வேண்டும்.

கெசாயா முன்வரிசையில் உட்கார்வாள். வாசிப்பவரே, இந்தத் தாள் உங்களை எப்படி வந்தடைந்தது என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். நான் மேடையில் வாசிக்க அவளோடு உட்கார்ந்து கேட்டீர்களா? இல்லை, நான் செத்துப்போன பிறகு என் மேசை இழுப்பறையில் எடுத்தீர்களா?