விற்க விற்க ஏறிய விலை

உங்கப்பா வேலை பாத்த கம்பெனி இப்ப என்ன அம்மிணி பண்ணுது, என்று அவர் கேட்டபோது என் கையில் முறுக்குத் தட்டு இருந்தது, இருக்கிறது, அதன் விளிம்பு இப்போதும் விரலில் அழுந்துகிறது, அக்காவைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் அவர், டவுன்ஹால் பக்கம் ஷேர் புரோக்கர் ஆபீசில் இருப்பவர், பெண்ணைப் பார்த்து முடித்ததும் ஷேரைப் பார்க்க உட்கார்ந்துவிட்டார், ஏனென்றால் நகைக்குப் பதிலாக அப்பா தருவதாகச் சொன்னது அந்த நீலமேகம் கம்பெனியின் ஷேர்களைத்தான், அவை தேறினால்தான் அக்காவுக்குக் கல்யாணம்.

என்ன பண்ணுகிறது, முதலில் நூல் மில்லை விற்றார்கள், விற்ற வாரமே ஷேர் விலை ஏறியது, அப்பா ஜிலேபி வாங்கிவந்தார், வேண்டாத சதையக் கழிச்சுட்டா உடம்பு கிண்ணுனு ஆயிருமுங்க, என்று பக்கத்து வீட்டு மயிலானந்தத்திடம் விளக்கினார், பிறகு கிரைண்டர் பிரிவை விற்றார்கள், இன்னும் ஏறியது, விற்ற காசில் கொஞ்சம் டிவிடெண்டாகவும் வந்தது, அதில் டிவி வாங்கினோம், அப்புறம் அப்பாவுக்கு மீசை நரைத்த இடமான பம்ப் பிரிவையே விற்றார்கள், வாங்கியவர்கள் வயதானவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள், வேலை போய் வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் டிவி திரையின் அடியில் ஓடும் ஷேர் விலைகளைப் பார்த்து, ஏறிருச்சு பாரு கண்ணு, ஏறிருச்சு, என்று என் தோளைப் பிடித்துக் குலுக்கினார், தன்னைக் கழித்ததால் ஏறிய விலை அது என்று அவருக்குத் தோன்றவே இல்லை, செட்டில்மெண்ட் பணம் முழுவதையும் அதே ஷேரில் கொண்டுபோய்ப் போட்டார், அவர் மட்டுமா, கூட வெளியே அனுப்பப்பட்டவர்கள் எல்லாரும் போட்டார்கள், நம்ம கம்பெனி, நம்ம கம்பெனி என்றார்கள், அந்த வருஷம்தான் என் பள்ளிக்கூடம் நின்றது, காசு ஷேருல வளருது, படிப்பு எங்க போயிரும் என்றார் அப்பா, போய்விட்டது.

கனவில் அப்பா எங்கள் வீட்டை விற்கிறார், முதலில் சமையலறையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், அம்மா அடுப்போடு சேர்ந்து போகிறாள், வெளியே கூட்டம் விலையைக் கூட்டிக் கூவுகிறது, ஓடு போகிறது, சுவர் போகிறது, கடைசியில் நிலைக்கதவு மட்டும் வெட்டவெளியில் நிற்க, அதன் நடுவில் நெஞ்சை நிமிர்த்தி அப்பா, ஏறிருச்சு பாரு கண்ணு, விழித்தால் அது கனவா போன மாதம் நடந்ததா என்று தெரிவதில்லை.

ஒண்ணும் பண்றதில்லீங்க, என்றேன், எனக்கே கேட்காத குரல் அது, அவருக்குக் கேட்டுவிட்டது, அப்பா அவசரமாக, சித்த எறங்கியிருக்குதுங்க, பொறுத்தா ஏறிருமுங்க என்றார், தாய்மாமன் முறுக்கைக் கடித்தபடி, எதை வெச்சுங்கண்ணா ஏறும், விக்கறப்பெல்லாம் காசு வரும்னு ஏறுச்சு, வந்ததுல உங்களுக்குக் கிள்ளிக் குடுத்தாங்க, மிச்சத்த மொதலாளி தன்ற இன்னொரு கம்பெனிக்குக் கடன்னு மாத்திக்கிட்டாரு, இப்ப உள்ள இருக்கறது ஒரு தகர ஷெட்டும் பேரும்தானுங்க, பேர வெச்சு நாக்கு வழிக்கறதா, என்று சிரித்தார், மாப்பிள்ளை தரையைப் பார்த்தார், அக்கா சுவரைப் பார்த்தாள், ஊருக்குப் போயித் தாக்கல் சொல்லியுடறோமுங்க என்று எழுந்தார்கள், அந்தச் சேதி வராது என்பது காப்பித் தம்ளர்களை எடுத்த அம்மாவின் கையில் தெரிந்தது.

கார் திரும்பியதும் அப்பாவுக்குக் குரல் வந்தது, புரோக்கர் ஆபீசுல டீ வாங்கறவனுக்கு என்ன தெரியும், ஷெட்டு இருக்குதல்ல, ஷெட்டு நிக்கற எடம் இருக்குதல்ல, அதை வித்தா ஏறும் பாரு, என்று டிவியைப் போட்டார், ஞாயிற்றுக்கிழமை, விலை எதுவும் ஓடவில்லை, அக்கா உள்ளே போய்ப் பட்டுப்புடவையை மடித்து வைத்துவிட்டுப் பழைய சுடிதாரில் வருகிறாள், பம்ப் பிரிவை வாங்கியவர்கள் மோட்டாருக்குக் கம்பி சுற்றக் கூலிக்குப் பெண்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், என்னைய வெளிய தள்ளுனவங்கிட்ட என்ற புள்ள போறதா என்று அப்பா இவ்வளவு நாள் தடுத்து வைத்த வேலை, சாயந்தர ஷிப்டுக்கு அவர்களுடைய வேன் தெருமுனையில் ஹாரன் அடிக்கிறது, எங்க கண்ணு போற, என்கிறார் அப்பா, நாளைக்கு ஏறிரும் கண்ணு, என்கிறார், அக்கா அவரைத் தாண்டி, என்னைத் தாண்டி, செருப்பை மாட்டிக்கொண்டு, வேனை நோக்கிப் போகிறாள்.