மடையானுக்கு இங்கிலீஷில் என்ன பேர்

துரைராசுவுக்கு வலது தோள்பட்டை மூன்று மாதமாகத் தூக்க முடியாமல் கிடந்தது. இருபத்தாறு வருஷம் கோரையாற்றுச் சேற்றில் கழி ஊன்றிப் படகு தள்ளிய தோள். சட்டை மாட்டக்கூட இடது கைதான் உதவிக்கு வரவேண்டும்.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு வெள்ளைக்காரர்கள் பறவை பார்க்க வர ஆரம்பித்திருந்த சமயம். வழிகாட்டி அட்டை கிடைத்துவிட்டால் படகில் உட்கார்ந்து கையைக் காட்டிப் பேர் சொன்னால் போதும். கழியை வேறொருவன் பிடிப்பான். அட்டைக்கு ஒரு பரீட்சை உண்டு. நாற்பது படம். முப்பதுக்காவது இங்கிலீஷில் பேர் சொல்ல வேண்டும்.

எது எந்த மாசம் வரும், எந்தத் திட்டில் அடையும் என்பதெல்லாம் துரைராசுவுக்கு அத்துப்படி. இங்கிலீஷ்தான் இல்லை. அதைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் எல்வினிடம் வாங்கினார். நடவுக்கு ஆள் மாற்றிக்கொள்கிற மாதிரி ஏற்பாடு: இவர் இடது கையாலேயே ஒரு நாள் படகு தள்ளிப் பறவை காட்டுவார், எல்வின் தன் அப்பா வைத்திருந்த புத்தகத்தைப் பார்த்துப் பத்துப் பேர் சொல்லித்தருவார். எட்டு நாள், எண்பது பேர். தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதிக்கொண்டு, நாளெல்லாம் முணுமுணுத்தார்.

"என்னங்க, வாத்தியாரோட சேந்து வேதத்துக்குப் போயிட்டீங்களா? வாய் ஓயாம ஜெபம் நடக்குது" என்றாள் மனைவி அமிர்தம்.

பரீட்சை வைத்த அதிகாரி வானதி, நாற்காலி போட்டு உட்காரச் சொல்லிவிட்டுப் படத்தைக் காட்டினாள்.

"இது என்னங்கய்யா?"

"பேடி பேர்ட்."

"மடையான்தான். ஆனா லிஸ்ட்ல இண்டியன் பாண்ட் ஹெரான்னு இருக்கு. குளத்து நாரைன்னு."

"குளத்துலயா நிக்குது? வாய்க்கா மடையில நிக்கும், வயல்ல நிக்கும். பேடின்னா நெல்லுங்கிறாரு வாத்தியாரு. அந்தக் காலத்து வெள்ளைக்காரன் கண்ணால பாத்து வெச்ச பேரும்மா அது."

"ஊருக்கு ஒரு பேரு இருந்தா ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்கு விளங்கலைங்கய்யா. அதான் எல்லாருக்கும் ஒரே பேருன்னு உக்காந்து முடிவு பண்ணியிருக்காங்க."

"உக்காந்தவங்கள்ல மடையானப் பாத்தவன் எவனாச்சும் இருந்தானா?"

வானதி சிரித்துவிட்டாள்.

அரிவாள் மூக்கனுக்கு ஒயிட் ஐபிஸ் என்றார். லிஸ்டில் பிளாக் ஹெடட் ஐபிஸ்.

"உடம்பு பூரா வெள்ளை. தலையை மட்டும் பாத்தா பேரு வெப்பாங்க?"

"வேற நாட்டுல முழு வெள்ளையா இன்னொண்ணு இருக்குங்களே."

அது நியாயமாகத்தான் பட்டது. செம்போத்துக்கு க்ரோ பெசன்ட் என்று சொல்லி, அதுவும் மாறிவிட்டது என்றதும் அவரே ஒத்துக்கொண்டார். அது காக்கையுமில்லை, பெசன்ட் என்கிற காட்டுக்கோழி வகையுமில்லை. பருந்து வந்தபோதுதான் பொறுக்கவில்லை. பரையா கைட் போய் பிளாக் கைட் ஆகியிருந்தது.

"பருந்து கறுப்பாம்மா?"

"இல்லீங்க. மண் நிறம்."

"அப்பறம்?"

வானதி அடுத்த படத்தை எடுத்தாள்.

இருபத்தேழு தேறியது. பதின்மூன்று தப்பு, பதின்மூன்றும் பழைய பேர்.

"ஒரு பறவையக்கூட நீங்க மாத்திச் சொல்லல" என்றாள் வானதி. "ஆனா வர்றவங்க கையில புதுப் புத்தகம்தான் இருக்கும். நீங்க சொல்ற பேர அவங்க அதுல தேடினா கிடைக்காது. அடுத்த தையில வாங்க." லிஸ்டின் பிரதி ஒன்றையும் கொடுத்தாள்.

எல்வின் வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். மஸ்கட்டில் பள்ளிக்கூட வேலை கிடைத்திருந்தது. லிஸ்டையும் நோட்டையும் பக்கத்தில் வைத்து, எல்வின் மாறிப்போன பேர்களைப் பென்சிலால் ஒவ்வொன்றாகச் சுழித்துக்கொண்டே போனார். எண்பதில் இருபத்துமூன்று.

"புத்தகம் அப்பா காலத்ததுண்ணே. நான் பாத்திருக்கணும்."

"பாத்திருக்கணும்."

"அங்கேருந்து எழுதி அனுப்பிடறேன்."

"எழுதுனா? எப்படிச் சொல்லணும்னு யாரு வாய்ல கேக்குறது? ரெண்டு நாள் இருந்து சொல்லிக்குடுத்துட்டுப் போங்க தம்பி."

"நாளைக்கு மெட்ராஸ் போகணும்ணே. டிக்கெட் போட்டாச்சு."

துரைராசு தண்ணீர் வாங்கிக் குடித்தார், நோட்டை மடித்துக்கொண்டு வந்துவிட்டார். விடிந்ததும் நண்டுக்குப் போகிற இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு, இடது கையால் கழியை ஊன்றினார்.

எல்வின் போய் ஏழு மாசமாகிறது. துரைராசு பேசியபடி எட்டு நாளும் படகு தள்ளிவிட்டார். இருபத்துமூன்று பறவைக்குப் பேர் சொல்லித்தர வேண்டியது எல்வின் பக்கத்தில் இன்னும் பாக்கி.