கொஞ்ச நேரம் ஓடவிடு

காலையில் நான் காரை ஸ்டார்ட் செய்தால் போதும், பக்கத்து வீட்டுச் செசிலி மதில் மேல் தலையை நீட்டிவிடுவாள்.

"ஏட்டி குளோரி, ஒனக்க வண்டிப் பொகையில எனக்க துணியெல்லாம் கரியாப் போச்சு. ஓட்டத் தெரியாதவளுக்கு எதுக்குட்டி காரு?"

"எனக்க முற்றம், எனக்க வண்டி. நீ வேணும்னா கொடிய அந்தப் பக்கம் கெட்டு" என்பேன். அவளும் விடமாட்டாள், நானும் விடமாட்டேன். வண்டியை அணைத்தால்தான் எங்கள் வாயும் ஓயும்.

செசிலி சொன்னது உண்மைதான். எனக்கு ஓட்டத் தெரியாது. ஓட்டத் தெரிந்தவர் கடலுக்குப் போயிருந்தார். பத்து நாள் தங்கி மீன் பிடிக்கிற தொழில். போகிற அன்று என் கையில் சாவியைக் கொடுத்து, "காலையில ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச நேரம் ஓடவிடு குளோரி, இல்லேண்ணா பேட்டரி செத்துரும்" என்றார் என் புருஷன் சிலுவைதாசன். கியர் விழுந்திருக்கிறதா என்று ஆட்டிப் பார்க்கவும் சொல்லிக்கொடுத்தார். குவைத்தில் இருந்து வந்த ஒருவர் கைமாற்றிவிட்ட பழைய டீசல் கார் அது. மீன் பிடிக்கிறவருக்குக் கார் ஒரு கேடா என்று நான் திட்டாத நாளில்லை. அவர் மீன்வாடைச் சட்டையோடு அதில் ஏறி உட்கார்ந்து, நான் திட்டத் திட்ட ஹாரன் அடிப்பார்.

அவர் போன பிறகுதான் அந்தப் புயல் வந்தது.

திரும்பி வராதவர்களுக்கு எங்கள் ஊர் மாதா கோவிலில் உடலுக்குப் பதில் படத்தை வைத்து அடக்கப் பூசை வைத்தார்கள். நான் படம் கொடுக்கவில்லை. அவருடைய தம்பி ஆன்ட்ரூஸ், "மைனி, அண்ணனுக்க பேருல ஒரு பூசை வச்சிருவோம்" என்று எத்தனையோ தடவை கேட்டான். கேட்ட தடவையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு போனான். வண்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், பார்த்துக்கொண்டிருக்கிறேன், வந்து கேட்டால் பதில் சொல்ல வேண்டியவள் நான்தானே? அந்த வண்டி ஓடுகிறவரைக்கும் அவர் கடலில் இருக்கிறார். எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று ஊரில் பேசினார்கள். பேசிவிட்டுப் போகட்டும்.

ஒரு வருஷம் தாண்டியபோது வண்டி குலுங்கத் தொடங்கியது. நிற்கிற இடத்திலேயே நடுக்கம், கரும்புகை, பிறகு விக்கி விக்கி அணைந்துபோகும். ஆன்ட்ரூஸை ஓட்டச் சொல்லி மார்த்தாண்டத்துக்குக் கொண்டுபோனேன். பாலத்துக்குக் கீழே வைத்து அது அணைந்துவிட்டது. பின்னால் ஹாரன் அடித்த பஸ் டிரைவரை நான் இறங்கிப் போய்த் திட்டிவிட்டு வந்தேன்.

ஒர்க்‌ஷாப்காரர் பெயர் நேசமணி. சிரிப்பே இல்லாத ஆள். ஒரு சின்னப் பெட்டியை வண்டியில் மாட்டிப் பார்த்தார், பிறகு அதைக் கழற்றி வைத்துவிட்டுப் பானட்டுக்குள் தலையைவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார்.

"இன்ஜெக்டரா இருக்குமா?" என்றான் ஆன்ட்ரூஸ்.

"கொஞ்சம் பொறும்."

ஏதோ ஒரு வால்வைக் கழற்றி, அது இருந்த வழியை ஒரு தகரத் துண்டால் அடைத்தார். "இ.ஜி.ஆர். வால்வு. வெளிய போற பொகையில கொஞ்சத்தத் திருப்பி என்ஜினுக்கே அனுப்புத கதவு. வேண்டாத நேரம் மூடணும். இது மூடாம நிக்குண்ணு நெனைக்கேன். இப்பம் ஸ்டார்ட் பண்ணும், பாப்போம்."

ஆன்ட்ரூஸ் சாவியைத் திருப்பினான். நடுக்கமில்லை, விக்கலில்லை. என் புருஷன் துறைமுகத்தில் இருந்து வந்து முற்றத்தில் நிறுத்துவாரே, அதே சத்தம். மாதாவே, இந்தச் சத்தத்துக்குத்தானே நான் காத்துக் கிடந்தேன்!

"பாத்தியளா? இன்ஜெக்டரும் இல்ல, பம்பும் இல்ல. இதுதான்" என்று நேசமணி அந்த வால்வை வெளிச்சத்தில் காட்டினார். கழுவாத புட்டுக்குழாயில் மாவு ஒட்டி இறுகியதைப் போல உள்ளே முழுக்கக் கரி. திருப்புளியால் சுரண்டினார். பேப்பரில் கட்டி கட்டியாக விழுந்தது.

"அக்கா, இந்த வண்டி ஓடவே இல்லியே?"

"ஓடாம? தெனமும் ஓடுது."

"ரோட்டுலயா?"

"முற்றத்துல."

அவர் தலையில் கையை வைத்தார். "நின்ன எடத்துல சும்மா ஓடுனா என்ஜின் நல்லாச் சூடாவாது. கரி எரியாம இதுக்குள்ள வந்து ஒட்டிக்கிடும். இப்பிடிச் செய்யச் சொன்ன மண்டன் ஆரு?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஓய், மரியாதையாப் பேசும்! எனக்க மாப்பிள சொன்னது. அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"எப்பம் சொன்னாரு?"

"கடலுக்குப் போவும்போ."

"எத்தன நாளுக்கு?"

"பத்து நாளு தொழிலு."

நேசமணியின் கை நின்றுவிட்டது. அவர் ஆன்ட்ரூஸைப் பார்த்தார். ஆன்ட்ரூஸ் தரையைப் பார்த்தான். எங்கள் கடற்கரையில் இருந்து வந்த ஒருத்தி இப்படிச் சொன்னால், அதற்கு மேல் விளக்கம் கேட்கிறவர் அப்போது இந்த ஜில்லாவில் யாரும் இல்லை. கையைத் துணியில் துடைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றார்.

"அக்கா, நான் பேசுனது தப்பு. அவரு சொன்னது சரிதான். பத்து நாளு அப்பிடி ஓடவிட்டா வண்டிக்கு ஒண்ணும் ஆவாது. அவரு பத்து நாளுக்குத்தான் சொன்னாரு, கேட்டியளா."



பத்து நாளுக்குத்தான் சொன்னார். அதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்று அவர் எனக்குச் சொல்லவே இல்லை. எப்படிச் சொல்வார்? தானே வந்து சாவியைக் கேட்டு வாங்குவோம் என்றல்லவா அந்த மனுஷன் நினைத்தார். அந்த ஒரு வார்த்தையை நான்தான் பிடித்து இழுத்து இத்தனை நாள் நீட்டியிருக்கிறேன். அவருக்காக என்று நான் செய்ததுதான் அவருடைய வண்டியைக் கெடுத்திருக்கிறது. பேப்பரில் கிடந்த கரியைத் தொட்டுப் பார்த்தேன். என் காலை நேரமெல்லாம் அதில்தான் கிடந்தது.

நேசமணி வால்வைக் கழுவி மாட்டினார். "இனி முற்றத்துல போட்டு ஓடவிடாதீங்க. ஆராவது ரோட்டுல கொண்டுபோய் நல்லா ஓட்டணும். முடியல்லேண்ணா பேசாம நிக்கட்டும்" என்றார். அதட்டாமல்தான் சொன்னார்.

திரும்பும்போது வண்டி எங்கும் அணையவில்லை. எங்கள் கோவில் கோபுரம் தெரிந்ததும், "நிப்பாட்டு மக்கா" என்றேன். "போய்ச் சாமியாரப் பாத்துச் சொல்லு. படம் நான் கொண்டு வாறேன்."

அவன் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. அவன் முதுகைத் தடவிக்கொண்டு, பிசிறில்லாமல் ஓடும் என்ஜினைக் கேட்டபடி இருந்தேன்.

மறுநாள் எழுந்ததும் கை தானாகச் சாவியை எடுத்தது. முற்றத்துக்குப் போய்க் காரின் கதவையும் திறந்துவிட்டேன். பிறகுதான் நினைவு வந்தது. கதவை மூடினேன். வேறு என்ன செய்வது என்று தெரியாமல் அங்கேயே நின்றேன்.

செசிலியின் தலை மதில் மேல் வந்தது.

"ஏட்டி, இன்னைக்கு என்ன வண்டிச் சத்தம் கேக்கல்ல? மேலுக்குச் சொகமில்லியா?"

வழக்கம்போல ஏதாவது சுடச்சுடச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"அவரு இனி வரமாட்டாரு செசிலி" என்றேன்.

அவள் சுற்றி வரக்கூடப் பொறுக்கவில்லை. மதிலில் ஏறிக் குதித்து ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். நான் அவள் மேலேயே சரிந்தேன். அதுவரை வராத அழுகையெல்லாம் அப்போதுதான் வந்தது. சாவி இருந்த என் கையைத் தன் கையால் இறுக்கி மூடிப் பிடித்துக்கொண்டு அவளும் அழுதாள்.

"ஸ்டார்ட் பண்ணுட்டி" என்றாள். "பொகை வந்தா வரட்டும். துணியெல்லாம் கரியாப் போனாப் போட்டும். ஸ்டார்ட் பண்ணுட்டி."