ராஜாமணி கல்யாணத்து விசிறி

என் நாத்தனார் ராஜாமணி சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்தாள். போனவள் வேறு, வந்தவள் வேறு. அங்கே பந்தல் முழுக்கக் கலர் காகிதப் பூவாம், வாசலில் பன்னீராம், வெயிலுக்கு ஆளுக்கொரு சாயமிட்ட ஓலை விசிறியாம். பென்னாகரத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊரில் கல்யாணம் என்றால் நாலு வாழைமரம், ஒரு மேளம், நெல்லுச் சோறு. நெல்லுச் சோறு என்று காதில் விழுந்துவிட்டால் அன்றாடம் களி தின்கிற எங்கள் ஜனம் பந்தலை அண்ணாந்துகூடப் பார்க்காது.

"என் கல்யாணத்துக்கும் விசிறி வேணும் அண்ணி" என்றாள்.

"உன் கல்யாணத்துக்குன்னு வெயிலு புதுசா அடிக்கப் போவுதா?" என்றேன்.

நான் குள்ளம்மாள், அவள் அண்ணன் பெரியண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டவள். எனக்கு வாய் நீளம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் அவள் எதற்காக விசிறி கேட்டாள் என்பது எனக்குத் தெரியும். நிச்சயத்துக்குப் பாலக்கோட்டிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அக்கா சாலம்மாள், எங்கள் வீட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பொண்ணு பரவால்ல. காட்டுப் பக்கத்து வூடு, போவப் போவச் சரியாயிரும்" என்று சொல்லிப் போயிருந்தாள். சாலம்மாளைக் கட்டிக் கொடுத்தது தம்பி வீட்டுக்கு அடுத்த தெருவில்தான். அதனால் தம்பி வீட்டு அடுப்பும் சாவியும் இன்னும் அவள் கையில். ராஜாமணி பிழைக்கப் போவது அந்தக் கையின் கீழ். முதல் நாளே இளக்காரமாகிவிட்டால் ஆயுசுக்கும் இளக்காரம்தான். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது மூக்கு ஒழுகிக்கொண்டு நின்ற பெண் ராஜாமணி, தலைவாரி வளர்த்தவள் நான். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

அது சண்டைக் காலம். "ஜப்பான்காரன் வந்தாலும் வருவான், கலர் காகிதம் வராதுங்க" என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். ராஜாமணி அசரவில்லை. விதைக்கு வைத்திருந்த கேழ்வரகுக் கதிரை அண்ணனுக்குத் தெரியாமல் எடுத்து, கொத்துக் கொத்தாகக் கட்டிப் பந்தலில் தொங்கவிட்டாள். முகூர்த்தத்துக்கு முன்பே குருவிகள் வந்து பந்தி உட்கார்ந்துவிட்டன. நுங்கு தின்று போட்ட காய்களைக் குடைந்து விளக்கெண்ணெய் ஊற்றித் திரி போட்டாள். அது நிஜமாகவே அழகாக இருந்தது. நான் அவளிடம் சொல்லவில்லை, தலைக்கு ஏறிவிடும்.

விசிறிக்குத்தான் வழி பிறக்கவில்லை. பனையோலையை நறுக்கி, விளிம்பு பின்னி, காம்பு வைத்துக் கட்டிவிட்டோம். சாயப்பொடிக்கு எங்கே போவது?

"மஞ்சளும் சுண்ணாம்பும் கரைச்சா செவப்புத்தானே அண்ணி? ஆலம் சுத்தற ஆரத்தித் தண்ணி எப்பிடிச் செவக்குது!"

அடேயப்பா, என்ன மூளை என்று எனக்கே பெருமையாகிவிட்டது. இரண்டு பேரும் அண்டா நிறைய ஆலம் கரைத்து, விசிறிகளைக் காம்போடு முக்கி, பாறைமேல் காயப்போட்டோம். கோவைப்பழம் தோற்றது. சுற்றிக் கொட்டுகிற தண்ணீரின் சாயம் ஓலையில் நிற்குமா என்று எங்கள் இருவரில் ஒருத்திக்காவது தோன்றியிருக்க வேண்டும்.

கல்யாணத்தன்று வைகாசி வெயில் மண்டையைப் பிளந்தது. பாலக்கோட்டு வண்டிகள் வந்து நின்றதும் ஆளுக்கொரு விசிறி கொடுத்தோம். சாலம்மாள் தன்னுடையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு குறையும் சொல்லவில்லை. அவள் வாயிலிருந்து குறை வராததே எனக்குத் தங்கப் பதக்கம். மேளம் ஒரு பக்கம், விசிறிச் சத்தம் ஒரு பக்கம் என்று தாலி கட்டி முடிந்தது. எனக்கு மூச்சு வந்தது.

பந்தியில் இலைக்குத் தண்ணீர் தெளிக்கக் கை நீட்டிய ஒருவர், "ஐயோ, ரத்தம்!" என்று அலறினார்.

எல்லோரும் தங்கள் தங்கள் கையைப் பார்த்தார்கள். வியர்வையில் சாயம் கழன்று அத்தனை உள்ளங்கையும் சிவப்பு. வெள்ளைச் சட்டைகளில் கை அடையாளம். மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவருக்கு வழுக்கையில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. "என்னாடி இது அநியாயம்!" என்று சாலம்மாள் மூக்கின்மேல் விரல் வைத்தாள். மூக்கும் சிவந்தது.

காளை மாட்டுக்கே நான் சாயம் பூசிவிட்டதைப் போல என் வீட்டுக்காரர் முறைத்தார். அந்த நேரம் பார்த்து மணையில் இருந்த ராஜாமணி தலையைத் தூக்கினாள், அந்த மூக்கைப் பார்த்தாள், கொல்லென்று சிரித்துவிட்டாள். கழுத்தில் தாலி ஏறி இன்னும் மஞ்சள்கூடக் காயவில்லை! ஓடிப்போய் வாயைப் பொத்தலாமா என்றிருந்தது எனக்கு.

சாலம்மாள் விறுவிறுவென்று மணைக்குப் போனாள். "சிரிக்கிறியா நீ? டேய் மாது, கையக் காட்டுடா. உம் பொண்டாட்டி வூட்டு லட்சணத்த நீயே பாரு" என்று தம்பியின் கையைப் பிடித்துத் திருப்பினாள்.

அந்தப் பந்தலிலேயே அதிகமாகச் சிவந்த கை அதுதான். மணிக்கட்டு வரை வழிந்திருந்தது. ஆனால் மாப்பிள்ளையின் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக் கிடந்தது, மூக்கு நுனியில் வியர்வை சொட்டியது. கூட்டம் காற்றை மறித்து நின்ற அதே மணையில், கூறைச் சேலையும் மாலையுமாக உட்கார்ந்திருந்த ராஜாமணியின் முகத்திலோ ஒரு பொட்டு வியர்வை இல்லை. நான் காலையில் போட்டுவிட்ட பவுடர் அப்படியே இருந்தது.

சாலம்மாள் கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். மறுபடி கையைப் பார்த்தாள்.

"ஏண்டா, காத்தாலேருந்து நீ யாருக்குடா விசிறின?"

மாது கையை வேட்டிக்குள் ஒளித்தான். வேட்டியும் சிவந்தது. பந்தல் அதிரச் சிரித்தார்கள். சிரிப்பை அடக்கப் பார்த்த சாலம்மாள் மூக்கைத் துடைக்கப் போய், சிவப்பைக் கன்னம் வரைக்கும் இழுத்துக்கொண்டாள். அதற்குமேல் அவளாலும் முடியவில்லை.

இத்தனை நாளும் நான் சாலம்மாளின் வாயையே பார்த்துப் பார்த்துப் பயந்திருந்தேன். அந்தப் பையனை ஏறிட்டுப் பார்க்கவே இல்லை. ஊரே சிரிக்க, எனக்கு மட்டும் அழுகை வந்தது. யாரும் பார்ப்பதற்குள், விசிறி எடுத்துக் கொடுத்த இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு மணைக்குப் போனேன்.

ராஜாமணி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அழுதியா அண்ணி?"

"நானா? எனக்கென்னாடி அழுவ?"

"மூஞ்சியெல்லாம் செவப்பா கெடக்குதே" என்றாள்.