முதல் பக்கத்தில் வருபவர்கள்

டோரதி என்னுடன் வேலை பார்த்தவள். எத்தனையோ கெட்டிக்காரர்களோடு பிறகு வேலை செய்திருக்கிறேன். ஆனால் ஒரு வேலை எங்கே முடிகிறது என்று அவள் பார்த்த மாதிரி யாரும் பார்த்ததில்லை.

இரண்டாயிரத்து இரண்டில் எங்கள் கம்பெனி இன்ஃபன்ட்ரி ரோட்டில் ஒரு மாடியில் இருந்தது. சீனிவாசராகவன் முதலாளி. சின்னச் சின்ன நிறுவனங்களுக்கு வெப்சைட் செய்து கொடுப்போம். டோரதி சிவாஜிநகரிலிருந்து நடந்தே வருவாள்.

ஒக்கலிபுரத்தில் ஒரு ரத்ததானச் சங்கத்துக்கும் வெப்சைட் செய்திருந்தோம். ரத்த வகையைச் சொல்லித் தேடினால், கொடுக்க முன்வந்தவர்களின் பெயரும் போன் நம்பரும் வரும். முதலில் நன்றாகத்தான் ஓடியது. பிறகு சங்கத்தார் சாஃப்ட்வேர் கம்பெனிகளில் முகாம் நடத்தி ஆயிரக்கணக்கில் ஆட்களைச் சேர்த்துவிட்டார்கள். ஓ பாசிட்டிவ் என்று தேடினால் அத்தனை பேரும் ஒரே பக்கத்தில் வரவேண்டும். டயல்-அப் இணைப்பில் பாதி வருவதற்குள் லைன் அறுந்துவிடும். அங்கே கம்ப்யூட்டரையும் போனையும் பார்த்துக்கொண்ட ஆஞ்சலா எங்களைக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து ஓடிவந்தவர்கள் எதிரே நிற்கிறார்கள், திரை வெள்ளையாகவே இருக்கிறது என்றார்.

இருபது இருபது பேராகக் காட்டி, கீழே 'அடுத்த பக்கம்' என்று ஒரு சுட்டி வைத்துவிடு என்று சீனிவாசராகவன் டோரதியிடம் சொன்னார். எல்லாப் பெயரையும் டேட்டாபேஸிலிருந்து வாங்கி, அதில் இருபதை மட்டும் காட்டினால் போதும் என்பது என் யோசனை. அவள் கேட்கவில்லை. டேட்டாபேஸிடமே இருபது பேரை மட்டும் கேட்கும்படி எழுதினாள். மறுநாள் பக்கம் சட்டென்று திறந்தது. ஆஞ்சலா நன்றி சொன்னார். எங்களைப் பொறுத்தவரை வேலை முடிந்துவிட்டது.

டோரதி மட்டும் அதை யாராவது உபயோகிப்பதைப் பார்க்கவேண்டும் என்றாள். ஒருநாள் மதியம் இருவரும் ஒக்கலிபுரம் போனோம்.

சங்கத்தில் ஒரே ஒரு டெலிபோன் லைன். இன்டர்நெட்டும் அதில்தான், பேச்சும் அதில்தான். ஆஞ்சலா முதல் பக்கத்தைத் திறப்பார். இணைப்பைத் துண்டிப்பார். திரையில் நிற்கும் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். அடுத்த பக்கத்துக்குப் போகவேண்டுமென்றால் மறுபடி டயல் செய்யவேண்டும். அதனால் அவர் போவதே இல்லை. வரிசையோ ஆங்கில அகரவரிசை. ஆபிரகாம், ஆனந்த், அருள் என்று எப்போதும் அதே ஆட்கள்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோதே போனில் ஒருவரிடம் ஆஞ்சலா மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். போன மாதம்தான் கொடுத்தேன், இனிமேல் கூப்பிடாதீர்கள் என்று அந்த ஆள் போனை வைத்துவிட்டாராம்.

"இவங்களுக்கே எத்தனை வாட்டி பண்றது? பாவம், சலிச்சுப் போயிட்டாங்கம்மா," என்றார் ஆஞ்சலா.

டோரதி திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் அவள் சீனிவாசராகவனிடம் போய், வரிசையை மாற்றவேண்டும் என்றாள். கேட்டதைச் செய்து கொடுத்தாகிவிட்டதே, வேறு வேலை காத்திருக்கிறதே என்றார் அவர்.

"சார், அங்க ரெண்டாவது பக்கம்னு ஒண்ணு கெடையாது. முதல் பக்கத்துல வராதவங்க நம்ம டேட்டாபேஸ்ல இருந்தும் இல்லாத மாதிரிதான்," என்றாள் டோரதி.

அந்த வாரத்தை அதற்கே எடுத்துக்கொள்ளச் சொன்னார் சீனிவாசராகவன்.

இதுவரை கொடுக்காதவர்கள் முதலில், கொடுத்து ரொம்ப நாளானவர்கள் அடுத்து என்று அவள் வரிசையை அமைத்தாள். மூன்று மாதத்துக்குள் கொடுத்தவர்கள் வரவே மாட்டார்கள். அதுவரை என்றால் நானும் செய்திருப்பேன். அவளுக்கு இன்னொன்று தோன்றியது. முதல் இருபது பேர் போதாமல், ஆஞ்சலா போன் பேசி முடித்து அடுத்த பக்கத்தைக் கேட்பதற்குள், முன்னால் நின்ற சிலர் ரத்தம் கொடுத்து வரிசையிலிருந்து விலகியிருப்பார்கள். பின்னால் இருப்பவர்கள் மேலே நகர்ந்திருப்பார்கள். அப்போது 'முதல் இருபதை விட்டு அடுத்த இருபது' என்று கேட்டால், நகர்ந்து வந்த சிலர் எந்தப் பக்கத்திலும் சிக்காமல் போவார்கள். அதனால் எண்ணிக்கையை விட்டுவிட்டு, 'கடைசியாகப் பார்த்த இந்த ஆளுக்கு அப்புறம் நிற்பவர்கள்' என்று கேட்கும்படி எழுதினாள். எத்தனை பேர் விலகினாலும் யாரும் விடுபட மாட்டார்கள். அதை அவள் விளக்கியபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது. இத்தனை எளிமையாக இருந்தும் என் புத்திக்கு எட்டவில்லையே என்றுகூடத் தோன்றவில்லை. வெறும் சந்தோஷம்தான்.

புதிய வரிசை ஓடத் தொடங்கிய பிறகு ஆஞ்சலாவின் பேச்சில் புதுப் பெயர்கள் வந்தன. ஒரு சனிக்கிழமை, இதய ஆபரேஷனுக்கு ஓ பாசிட்டிவ் நிறையத் தேவைப்பட்டது. யார் யார் வருகிறார்கள் என்று பார்க்க நாங்களும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். ஈஜிபுராவிலிருந்து வேலாயுதம் என்று ஒரு வெல்டர், சட்டையை இஸ்திரி போட்டு, நெற்றியில் விபூதியோடு வந்திருந்தார். பெயர் கொடுத்து ரொம்ப நாளாகியும் யாரும் கூப்பிடவில்லை என்றார்.

"என் ரத்தம் ஆகாதுன்னு விட்டுட்டாங்கன்னு நெனச்சேன்மா. வீட்லயும் அப்படியே சொல்லிட்டேன்."

"இல்லண்ணா. உங்க ரத்தத்துல ஒண்ணும் இல்ல. இங்கிலீஷ்ல உங்க பேரு வி-யில ஆரம்பிக்குது, அவ்ளோதான்," என்றாள் டோரதி.

அவருக்கு அது சரியாகப் புரிந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் சிரித்தார். நர்ஸ் கூப்பிட்டதும், சட்டைக் கையை மடித்துக்கொண்டே உள்ளே போனார். டோரதி கதவு மூடும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம், பக்கத்தில் எங்காவது நல்ல காபி கிடைக்குமா என்று கேட்டாள்.