கோழிப்பண்ணைக்கு மேலே ஒரு விமானம்

லோகப்பிரியா வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். மகனுக்குப் பெண் பார்க்க வந்த பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரர் ஈஸ்வரமூர்த்தி, "என்ன வேலைங்க அம்மணி?" என்று கேட்டார். கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது. இவளோ, பீளமேட்டு ஆபீசில் ஒலியைவிட வேகமாகப் போகும் பயணிகள் விமானத்தை வடிவமைப்பதாகச் சொன்னாள்.

"அது போனாச் சத்தம் வருமுங்களா?"

"இடி மாதிரி வருமுங்க."

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். இடிச்சத்தம் கேட்டால் கறிக்கோழிகள் மிரண்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சுமுட்டிச் சாகும். "பேசிப்போட்டுச் சொல்றோமுங்க" என்று எழுந்துகொண்டார். 'வேண்டாம்' என்பதை நம்ம ஊர்ப்பக்கம் இப்படித்தான் சொல்வார்கள்.

அவளுக்கோ மாப்பிள்ளை மோகன்குமாரைப் பிடித்துத் தொலைத்திருந்தது. அவள் போனில் காட்டிய படத்தைப் பார்த்து, அந்த விமானத்துக்கு மூக்கு ஏன் அவ்வளவு நீளம் என்று கேட்டவன் அந்தக் கூட்டத்தில் அவன் ஒருத்தன்தான். விடுவாளா?

மறுநாளே அந்த இடியை அடக்க உட்கார்ந்தாள். கணக்குப் போடுகிற கம்ப்யூட்டர்களெல்லாம் கடல் தாண்டி எங்கேயோ இருக்கின்றன. இணையம் வழியாக அவற்றை வேலை வாங்குவதைத்தான் கிளவுட் என்கிறார்கள். மூக்கை இன்னும் நீட்டினாள், இறக்கையைச் சரித்தாள், ஒவ்வொரு வடிவத்தையும் திரையில் பல்லடத்துக் காற்றில் பறக்கவிட்டாள். பண்ணையின் தகரக் கூரையையும் கணக்கில் சேர்த்தாள். இடி கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, தூரத்துத் தோப்பில் தேங்காய் விழுகிற சத்தமாயிற்று. கேட்டதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மைக்செட் பாக்ஸோடு பண்ணைக்கே போய் இறங்கினாள். பெண்ணே மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து நிற்பதா என்று ஊர் பேசும்தான், பேசட்டும். கோழி மிரளும் என்று ஈஸ்வரமூர்த்தி எல்லாரையும் செருப்பைக் கழற்றவைத்து, கிசுகிசுவென்றே பேசினார். மோகன்குமார் ஒயரை மாட்டினான். பாக்ஸுக்குள் 'தொப்'பென்றது விமானம். கோழிகள் தலைகூட நிமிரவில்லை, தீவனத்தைக் கொத்திக்கொண்டே இருந்தன.

"மறுக்காப் போடுங்க அம்மணி."

மறுபடியும் போட்டாள். ஒரு கோழி கொட்டாவி விட்டது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டுப் பக்கம் திரும்பி, "ஏ மயிலாத்தா, இங்க வந்து பாரு!" என்று ஒரு குரல் கொடுத்தார்.

தகரம் அதிர்ந்தது. அத்தனை கோழியும் எகிறிப் பறந்தன.

அவர் சம்சாரம் மயிலாத்தாள் முந்தானையில் கை துடைத்தபடி வந்தார். "இந்தத் தொண்டையவே தாங்கி வளருதுங்க இதுக. அந்தப் புள்ளையோட விமானமா கொன்னுபோடும்?"

ஈஸ்வரமூர்த்தி மீசையில் ஒட்டிய இறகை எடுத்துப் போட்டார்.

"ஏனுங்க அம்மணி," என்றார், இந்தத் தடவை மெதுவாக, "நாளு எப்பக் குறிக்கலாமுங்க?"