கதவுப் பிடியில் ஒரு மீன்

என் கணவர் டோர்கெய்ர் மீன்வளத்துறை அமைச்சராக இருந்தவர். தேர்தலில் கட்சி தோற்றதும் தலைநகர் ஆஸ்லோவை விட்டுச் சொந்தத் தீவுக்கே திரும்பி வந்தோம். வந்ததிலிருந்து இவர் தூங்கிக்கொண்டே இருந்தார். எனக்கு அதுவும் வாய்க்கவில்லை.

எங்கள் தீவில், படகு இல்லாத வீட்டின் கதவுப் பிடியில், கரை திரும்பும் யாராவது ஒரு மீனைக் கட்டிவிட்டுப் போவார்கள். யாரென்று கேட்பதில்லை, நன்றியும் சொல்வதில்லை. விதவைக்கு உண்டு, பாதிரியாருக்கு உண்டு, நேற்று வந்த பள்ளி ஆசிரியைக்குக்கூட உண்டு. அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் கதவில் பனிதான் தொங்கியது. கடலுக்கு எதிரே குடியிருந்துகொண்டு கடையில் உறைந்த மீன் வாங்கினேன். கல்லாவில் இருந்தவள் விலையைச் சொன்னாளே தவிர என் முகத்தைப் பார்க்கவில்லை. இன்னொரு வருடம் இப்படியே போனால் என்னால் இங்கே இருக்க முடியாது. போக வேறு இடமும் கிடையாது.

ஊரைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. காட் மீன் குறைந்துவிட்டதென்று மீன்பிடிப்பை நிறுத்திக் கையெழுத்துப் போட்டவர் இவர். மறுவருடம், முன்பு நிறையப் பிடித்த படகுகளுக்கு மட்டுமே மீன் பிடிக்கப் பங்கு என்று விதி போட்டதும் இவர்தான். அந்த முந்தைய வருடங்களில் இவருடைய அண்ணன் ஆன்ஸ்கார் முதுகு ஒடிந்து படுக்கையில் கிடந்தார். அதனால் அவருக்குப் பங்கு இல்லை. விலக்குக் கேட்டு போன் செய்தார்.

"சொந்த அண்ணனுக்குக் கொடுத்தா ஊரு சிரிக்கும்," என்று வைத்துவிட்டார் இவர்.

ஊர் சிரிக்கவில்லை, பேச்சை நிறுத்திக்கொண்டது. ஆன்ஸ்கார் படகை விற்றார். வீட்டுச் சாப்பாட்டுக்குத் தூண்டில் போடுவதை மட்டும் விதி விட்டுவைத்திருந்தது.

மார்ச்சில் ஒரு காலை கதவைத் திறந்தால், பிடியில் மீன். செவுளில் கயிறு, ஒரு பையில் ஈரலும் சினையும். ஆன்ஸ்கார் படியிறங்கிக்கொண்டிருந்தார். முதுகு வலியில்லாவிட்டால் எப்போதோ போயிருப்பார்.

"உள்ள வாங்க, காப்பி இருக்கு," என்றேன்.

அதற்குள் இவர் காலுறையோடு வாசலுக்கு வந்துவிட்டார். மீனைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார்.

"தூண்டில்ல பிடிச்சதா?"

"ஆமா."

"அது அவங்கவங்க வீட்டுச் சாப்பாட்டுக்கு மட்டும்தான். அடுத்த வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது."

கையில் கரண்டி இருந்திருந்தால் மண்டையிலேயே போட்டிருப்பேன். ஆன்ஸ்கார் கோபப்படவில்லை. கோபப்படக்கூட அவரிடம் தெம்பில்லை.

"தெரியும்டா. நீ போட்ட விதியை ஒரு வரி விடாம படிச்சிருக்கேன்." கைப்பிடிச் சுவரைப் பிடித்து மூச்சு வாங்கினார். "நான் எங்கடா அடுத்த வீட்டுக்குக் கொடுத்தேன்?"

இவர் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார். கண் கலங்கியதில் முடிச்சே தெரியவில்லை போலிருக்கிறது. அண்ணன்தான் மேலேறி வந்து அவிழ்த்துக் கொடுத்தார்.

மேசையில் மூன்று தட்டு வைத்தேன்.

"உப்பு தாராளமாப் போடும்மா," என்றார் ஆன்ஸ்கார். "கடை மீன் தின்னு இவன் நாக்கு செத்துப்போயிருக்கும்."

இவர் ஒரு துண்டை மென்று விழுங்கினார். அண்ணனைப் பார்த்து வாயைத் திறந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மேசைக்கு அடியில் இவர் காலை ஓங்கி மிதித்தேன்.